தாவீது அரசன்: திருமண உண்மையைக் கற்பிக்கும் வாழ்க்கை வரலாறு

1. அறிமுகம்

தாவீதைப் பற்றி எழுதுமாறு கேட்டால் மாணவர் பலர் கோலியாத்தை வென்றதையும் சங்கீதங்கள் பாடியதையும் எழுதி விடையை முடித்துவிடுவர். அது பிழையான விடை அன்று. ஆனால் முழுமையான விடையும் அன்று. தாவீதின் வெற்றிகளை எழுதிய அதே தெளிவுடன் அவரது மிகப் பெரிய தவறையும் வேதாகமம் எழுதி வைத்துள்ளது. அவர் இன்னொருவரின் திருமணத்தை உடைத்தார். அதை மறைப்பதற்காகக் கொலையும் செய்வித்தார். இத்தவறு எவ்வாறு தொடங்கியது, எங்கெல்லாம் அதைத் தவிர்த்திருக்கலாம், அதன் விளைவு யார் யாரைத் தாக்கியது என்பவற்றை அறிந்துகொண்டால், திருமண வாழ்வில் உண்மையாயிருத்தல் பற்றி வேதாகமம் கற்பிக்கும் ஞானத்தையும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

தாவீதின் வாழ்க்கை 1 சாமுவேல் 16ஆம் அதிகாரம் முதல் 1 இராஜாக்கள் 2ஆம் அதிகாரம் வரை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. அவர் ஏறத்தாழ கி.மு. 1010 முதல் கி.மு. 970 வரை ஆட்சி செய்தார் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் கணிப்பாகும். இஸ்ரேலின் வட பகுதியிலுள்ள தாண் என்னும் இடத்தில் 1993இல் கண்டெடுக்கப்பட்ட கி.மு. 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தாவீதின் வம்சம் குறிப்பிடப்படுகிறது என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்தாகும்.

2. பிறப்பும் இளமையும்

தாவீது யூதா கோத்திரத்தைச் சேர்ந்தவர். பெத்லகேமில் வாழ்ந்த ஈசாயின் எட்டுப் புதல்வருள் இளையவர். இவரது பாட்டனான ஓபேது, போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்தவர். கணவனை இழந்த பின்னரும் மாமியாரைக் கைவிடாத மோவாபியப் பெண்ணே ரூத். சொன்ன சொல்லைக் காத்த குடும்ப மரபில் வந்தவர் தாவீது என்பது இதனால் விளங்கும்.

சவுல் அரசன் கீழ்ப்படியாமற் போனதால் கடவுள் வேறொருவரைத் தெரிந்துகொண்டார். சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டுக்கு வந்தபோது மூத்தவர்களின் உயரமும் தோற்றமும் அவரைக் கவர்ந்தன. ஆனால் கடவுள் வெளித்தோற்றத்தை அன்றி உள்ளத்தையே பார்க்கிறவர் என்பது அங்கு உணர்த்தப்பட்டது. வயலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவர் அழைத்துவரப்பட்டு அபிஷேகம் பண்ணப்பட்டார். பின்னர் ஏலா பள்ளத்தாக்கில் கவணையும் கல்லையும் கொண்டு கோலியாத்தை வீழ்த்தியதால் அவரது புகழ் நாடெங்கும் பரவியது.

3. சவுலின் அரண்மனையும் தலைமறைவு வாழ்வும்

சவுலின் மகன் யோனத்தான் தாவீதின் உயிர் நண்பரானார். சவுலின் மகள் மீகாள் தாவீதை நேசித்து மணந்தார். பொறாமை கொண்ட சவுல் தாவீதைக் கொல்ல ஆளனுப்பியபோது மீகாளே அவரை ஜன்னல் வழியாக இறக்கித் தப்புவித்தார். தந்தையின் கோபத்துக்கு அஞ்சாமல் கணவனைக் காத்த செயல் இது.

தாவீது பல ஆண்டுகள் காடுகளிலும் குகைகளிலும் மறைந்து வாழ்ந்தார். இக்காலத்தின் இரு நிகழ்ச்சிகள் நினைவிற் கொள்ளத்தக்கவை.

(அ) எங்கேதிக் குகையில் சவுல் தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். தாவீது அவரைக் கொல்லாமல் அவருடைய மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுத்தார். அதற்கே அவருடைய மனச்சாட்சி அவரை வாட்டியது.

(ஆ) நாபால் என்னும் செல்வன் தம்மை அவமதித்ததால் கோபமுற்ற தாவீது, ஏறத்தாழ 400 பேருடன் அவனைப் பழிவாங்கப் புறப்பட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் வழியில் வந்து பணிவுடனும் அறிவுடனும் தடுத்தபோது, தாவீது அவரது சொல்லைக் கேட்டுத் திரும்பிச் சென்றார். நாபால் இறந்த பின்னர் தாவீது அபிகாயிலை மணந்தார்.

இளமைக்காலத் தாவீதிடம் கூர்மையான மனச்சாட்சியும் எச்சரிப்பைக் கேட்டுத் திரும்பும் பணிவும் இருந்தன. பிற்காலத்தில் அவர் தவறியபோது இவ்விரண்டும் மங்கிப் போயிருந்தன.

4. அரச பதவியும் பெருகிய மனைவியரும்

சவுல் இறந்தபின் தாவீது தமது 30ஆம் வயதில் அரசரானார். எப்ரோனில் 7 ஆண்டுகளும் 6 மாதங்களும், எருசலேமில் 33 ஆண்டுகளும் ஆட்சி புரிந்தார். எருசலேமைக் கைப்பற்றித் தலைநகராக்கியதும், உடன்படிக்கைப் பெட்டியை அங்கே கொண்டுவந்ததும், பன்னிரு கோத்திரங்களையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்ததும் அவரது சாதனைகளாகும்.

எனினும் அவரது குடும்ப வாழ்வு ஏற்கெனவே தளரத் தொடங்கியிருந்தது. எப்ரோனில் ஆறு மனைவியரிடத்தில் ஆறு புதல்வர் பிறந்தனர். எருசலேமுக்கு வந்த பின்னரும் அவர் மேலும் மனைவியரையும் மறுமனையாட்டிகளையும் சேர்த்துக்கொண்டார். அக்கால அரசரிடையே இது வழக்கமாக இருந்தபோதிலும், இஸ்ரவேலின் அரசன் மனைவியரைப் பெருக்கிக்கொள்ளக் கூடாது என உபாகமம் 17ஆம் அதிகாரம் விதித்திருந்தது.

இதற்கிடையில் சவுல் மீகாளைப் பல்த்தியேல் என்பவருக்கு மனைவியாகக் கொடுத்திருந்தார். தாவீது அதிகாரம் பெற்றதும் மீகாளைத் திரும்பக் கேட்டார். பல்த்தியேல் பகூரிம் வரை அழுதுகொண்டே பின்னால் வந்து, கட்டளைக்கு அஞ்சித் திரும்பிப் போனார். மீகாளை முதலில் மணந்தவர் தாவீதே என்றபோதிலும், அதிகாரத்தின்முன் ஒரு குடும்பத்தின் கண்ணீர் எவ்வளவு எளிதாக ஒதுக்கப்படுகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

5. உரியாவும் பத்சேபாளும்

இப்பகுதி 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் உள்ளது. அரசர்கள் போருக்குப் புறப்படும் காலம் வந்தது. யோவாப் என்னும் சேனாதிபதி படையுடன் சென்று அம்மோனியரின் தலைநகரான ரப்பாவை முற்றுகையிட்டார். அந்நகரம் இருந்த இடத்திலேயே இன்றைய ஜோர்தானின் தலைநகரான அம்மான் உள்ளது. தாவீதோ எருசலேமில் தங்கிவிட்டார்.

ஒரு மாலை வேளையில் அரண்மனையின் மேல்மாடியில் உலாவியபோது, நீராடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தாவீது கண்டார். அவர் யார் என விசாரித்தார். எலியாமின் மகளும் உரியாவின் மனைவியுமான பத்சேபாள் என்று அறிவிக்கப்பட்டது. உரியா ஏத்திய இனத்தவர். தாவீதின் பராக்கிரமசாலிகளான 37 பேரின் பட்டியலில் இறுதியாக இடம்பெறுபவர் இவரே. அரசருக்காக அவர் போர்க்களத்தில் நின்ற வேளையில் அரசர் அவரது மனைவியை ஆளனுப்பி அழைப்பித்துப் பாவம் செய்தார். பின்னர் பத்சேபாள் தாம் கருவுற்றிருப்பதாகத் தாவீதுக்குச் செய்தி அனுப்பினார்.

தாவீது அப்போதும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை. போர்ச் செய்தி கேட்பவர்போல உரியாவை வரவழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறுமாறு கூறினார். உரியா வீட்டுக்குப் போகாமல் அரண்மனை வாசலில் சேவகருடன் படுத்துக்கொண்டார். உடன்படிக்கைப் பெட்டியும் படையினரும் வெளியே கூடாரங்களில் தங்கியிருக்கையில் தாம் மட்டும் வீட்டில் சுகமாயிருப்பது தகாது என்பதே அவர் கூறிய காரணம். மறுநாள் தாவீது அவருக்கு மதுவைக் கொடுத்து வெறிக்கச் செய்தார். அப்போதும் உரியா தமது உறுதியிலிருந்து விலகவில்லை.

இறுதியில் தாவீது, கடும் போர் நடக்கும் இடத்தில் உரியாவை நிறுத்திவிட்டுப் பின்வாங்குமாறு யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். அரசரின் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த உரியா அதன்படியே கொல்லப்பட்டார். அவருடன் வேறு வீரர் சிலரும் மாண்டனர். துக்க நாட்கள் முடிந்ததும் தாவீது பத்சேபாளை மணந்தார். மனிதர் பார்வையில் யாவும் மறைக்கப்பட்டன. ஆனால் அச்செயல் கடவுளின் பார்வையில் தீமையாயிருந்தது என்று அவ்வதிகாரம் முடிவடைகிறது.

தாவீது திரும்பியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்களை மாணவர் கவனிக்க வேண்டும்.

(1) கண்டவுடன் பார்வையைத் திருப்பியிருக்கலாம்.
(2) விசாரிக்காமல் விட்டிருக்கலாம்.
(3) இன்னொருவரின் மனைவி என்று அறிந்தவுடன் நிறுத்தியிருக்கலாம்.
(4) கருவுற்ற செய்தி வந்தபோது உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம்.
(5) உரியாவின் உறுதியைக் கண்டபோதாவது வெட்கமடைந்திருக்கலாம்.

இவ்வைந்து இடங்களிலும் அவர் நிற்கவில்லை. இச்சையில் தொடங்கியது விபசாரமாகி, வஞ்சகமாகி, கொலையில் முடிந்தது. ஒரு கட்டளையை மீறியவர் அதை மறைப்பதற்காக மற்றக் கட்டளைகளையும் மீற நேர்ந்தது.

6. நாத்தானின் கண்டிப்பு

கடவுள் நாத்தான் தீர்க்கதரிசியைத் தாவீதிடம் அனுப்பினார். அரசரை நேராகக் குற்றஞ்சாட்டாமல் நாத்தான் ஒரு கதை சொன்னார். ஒரு நகரில் இருந்த செல்வனுக்கு ஆடுமாடுகள் ஏராளம். ஏழை ஒருவனுக்கு ஒரேயொரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் அதைத் தன் பிள்ளைகளுடன் மகளைப்போல வளர்த்தான். செல்வன் தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தன் மந்தையில் ஒன்றைக் கொல்ல மனமின்றி, ஏழையின் குட்டியைப் பறித்துச் சமைத்தான்.

தாவீது கடுங்கோபமடைந்து, அம்மனிதன் சாவுக்குரியவன் என்றும், குட்டிக்காக நான்கு மடங்கு ஈடு செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். அம்மனிதன் தாவீதே என்று நாத்தான் அறிவித்தார். தம் தீர்ப்பினாலேயே தாவீது குற்றவாளியானார்.

இக்கதையில் ஆட்டுக்குட்டிக்குக் குற்றம் கூறப்படவில்லை. பறித்தவன்மீதே குற்றம் சுமத்தப்படுகிறது. அரச கட்டளையை மறுக்க முடியாத நிலையில் இருந்த பத்சேபாளை அன்றித் தாவீதையே வேதாகமம் பொறுப்பாளியாகக் காட்டுகிறது. விடை எழுதும்போது இவ்வேறுபாட்டை மறக்கக் கூடாது.

7. மனந்திரும்புதல்

அரசர் நினைத்திருந்தால் நாத்தானைச் சிறையிலடைத்திருக்கலாம். தாவீது அவ்வாறு செய்யவில்லை. கடவுளுக்கு எதிராகப் பாவம் செய்ததாக உடனே ஒப்புக்கொண்டார். 51ஆம் சங்கீதம் இச்சந்தர்ப்பத்துக்குரியது என அதன் தலைப்புக் கூறுகிறது. அதில் அவர் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. சூழ்நிலையைக் காரணம் காட்டவில்லை. பலி செலுத்தித் தப்பிக்கொள்ளலாம் என்றும் எண்ணவில்லை. தமது உள்ளம் மாற வேண்டும் என்றே மன்றாடுகிறார்.

கடவுள் அவரை மன்னித்தார். எனினும் பத்சேபாளுக்குப் பிறந்த குழந்தை நோயுற்று ஏழாம் நாளில் இறந்தது. பின்னர் பிறந்த மகனே சாலொமோன். மன்னிப்பு குற்றத்தை நீக்குகிறது. செயலின் விளைவுகள் அனைத்தையும் அது அழித்துவிடுவதில்லை என்பதைத் தாவீதின் எஞ்சிய வாழ்வு காட்டுகிறது.

8. குடும்பத்தில் ஏற்பட்ட விளைவுகள்

தாவீதின் மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரி தாமாரைப் பலவந்தப்படுத்தினான். தாவீது மிகுந்த கோபம் கொண்டபோதிலும் அவனைத் தண்டித்ததாகக் கூறப்படவில்லை. தாமே அதேபோன்ற பாவத்தைச் செய்திருந்த தந்தைக்கு மகனைக் கண்டிக்கும் துணிவு இல்லாமற் போயிருக்கலாம். தாமாரின் உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் இரண்டு ஆண்டுகள் காத்திருந்து அம்னோனைக் கொல்வித்தான். பின்னர் கேசூருக்கு ஓடி, மூன்று ஆண்டுகள் அங்கே தங்கினான்.

திரும்பி வந்த அப்சலோம் மக்களின் மனதைக் கவர்ந்து, எப்ரோனில் தன்னை அரசனாக்கிக்கொண்டு கலகம் செய்தான். தாவீது வெறுங்காலுடன் அழுதுகொண்டே ஒலிவமலை வழியாக எருசலேமை விட்டு ஓடினார். அப்சலோம் அரண்மனையின் மேல்மாடியில் கூடாரம் அமைத்து, தந்தையின் மறுமனையாட்டிகளை அனைவரும் அறிய அவமானப்படுத்தினான். தாவீது மறைவில் செய்த பாவம் மேல்மாடியிலேயே தொடங்கியது என்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம்.

எப்பிராயீம் காட்டில் நடந்த போரில் அப்சலோம் மரக்கிளையில் சிக்கி, யோவாபினால் கொல்லப்பட்டான். தனக்கு எதிராகப் படையெடுத்த மகனானபோதிலும், அவனுக்குப் பதிலாகத் தாமே இறந்திருக்கலாகாதா எனத் தாவீது கதறி அழுதார். அவர் இறந்த பின்னர் அதோனியா என்னும் மகனும் கொல்லப்பட்டான். பெயரிடப்படாத குழந்தை, அம்னோன், அப்சலோம், அதோனியா என்ற நால்வரின் மரணத்தைத் தாவீது தாமே விதித்த நான்கு மடங்கு ஈட்டுடன் ஒப்பிட்டுக் காட்டுவோர் உளர்.

9. இறுதிக் காலம்

தாவீதின் முதுமையில் அதோனியா அரியணையைக் கைப்பற்ற முயன்றான். அப்போது தாவீதிடம் சென்று சாலொமோனுக்காகப் பேசியவர்கள் பத்சேபாளும் நாத்தானும் ஆவர். தம்மைக் கண்டித்த தீர்க்கதரிசியைத் தாவீது இறுதிவரை தம் அருகில் வைத்திருந்தார் என்பது அவரது மனந்திரும்புதல் உண்மையானது என்பதற்குச் சான்றாகும். சாலொமோன் அரசராக்கப்பட்டார். 40 ஆண்டுகள் ஆட்சி செய்த தாவீது இறந்து தாவீதின் நகரத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்.

பிற்கால நூல்கள் தாவீதை உத்தம அரசராகப் போற்றுகின்றன. ஆயினும் உரியாவின் காரியம் தவிர என்ற விலக்கு 1 இராஜாக்கள் 15ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. மத்தேயு தரும் இயேசுவின் வம்ச அட்டவணையிலும் சாலொமோனின் தாய், பெயரால் அன்றி உரியாவின் மனைவியாக இருந்தவர் என்றே குறிப்பிடப்படுகிறார். தாவீது அழிக்க நினைத்த உரியாவின் பெயர் இவ்வாறு நிலைத்துவிட்டது.

10. வேதாகம ஞானம் கற்பிப்பவை

நீதிமொழிகள் நூலின் முதல் ஒன்பது அதிகாரங்கள் பெரும்பாலும் தந்தை மகனுக்குக் கூறும் அறிவுரைகளாக அமைந்துள்ளன. அந்நூல் சாலொமோனின் பெயருடன் வழங்குகிறது. அதன் போதனைகளைத் தாவீதின் வாழ்வுடன் பொருத்திப் படிப்பது பயன் தரும்.

• 5ஆம் அதிகாரம் மனைவியைச் சொந்தக் கிணற்றுக்கு ஒப்பிடுகிறது. இளமையில் மணந்த துணையிடத்தில் மகிழ்ச்சி காண்பதே ஞானம். தண்ணீர் அரிதான அந்நாட்டில் கிணறு குடும்பத்தின் உயிராதாரமாகும்.

• 6ஆம் அதிகாரம் பிறன் மனைவியை நாடுவதை மடியில் நெருப்பை வைத்துக்கொள்வதற்கு ஒப்பிடுகிறது. நெருப்பு உடையை மட்டும் எரித்துவிட்டு நிற்பதில்லை. தாவீதின் குடும்பத்தில் அது பிள்ளைகள்வரை பரவியது.

• 7ஆம் அதிகாரம், தவறான வீட்டுக்குச் செல்லும் தெருவில் மாலை வேளையில் நடந்துபோகும் புத்தியற்ற இளைஞனைக் காட்டுகிறது. தவறு வீட்டின் உள்ளே அன்றித் தெருவிலேயே தொடங்குகிறது.

மல்கியா தீர்க்கதரிசி, திருமணத்தைக் கடவுள் சாட்சியாக நிற்கும் உடன்படிக்கை என்கிறார். இயேசு மலைப்பிரசங்கத்தில், இச்சையுடன் பார்க்கும் பார்வையிலேயே விபசாரம் உள்ளத்தில் நிகழ்ந்துவிடுகிறது எனக் கற்பித்தார். தாவீதின் வீழ்ச்சி பார்வையில் தொடங்கியதை நினைத்தால் இப்போதனையின் பொருள் தெளிவாகும்.

யோசேப்பின் வரலாற்றையும் இங்கு ஒப்பிடலாம். போத்திபாரின் வீட்டில் அடிமையாக இருந்த யோசேப்பு, எசமானின் மனைவி வற்புறுத்தியபோது தமது உடையையும் விட்டுவிட்டு ஓடினார்; அதனால் சிறையும் சென்றார். அதிகாரம் எதுவுமில்லாத அடிமை உண்மையாயிருந்தார்; எல்லா அதிகாரமும் பெற்ற அரசர் தவறினார். உண்மையாயிருத்தல் ஒருவரின் நிலைமையில் அன்று, அவர் உடனடியாக எடுக்கும் தீர்மானத்திலேயே தங்கியுள்ளது.

ஞானத்தை அறிந்திருப்பதும் போதாது. சாலொமோன் 700 மனைவியரையும் 300 மறுமனையாட்டிகளையும் கொண்டிருந்தார் என்றும், அவர்கள் அவரது இருதயத்தைப் பிற தெய்வங்கள்பால் திருப்பினர் என்றும் 1 இராஜாக்கள் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. அவரது மரணத்தின் பின் இராச்சியம் இரண்டாகப் பிளவுபட்டது. தந்தையின் வீழ்ச்சியை அறிந்திருந்த மகனும் அதே துறையில் தவறினார்.

11. முடிவுரை

திருமண உண்மை திருமண நாளில் கூறும் வாக்குறுதியுடன் முடிவதில்லை. பார்வையிலும் பேச்சிலும் தனிமையிலும் நாள்தோறும் எடுக்கும் சிறு தீர்மானங்களால் அது காக்கப்படுகிறது. தாவீதுக்கு ஒரே இரவில் வீழ்ச்சி வந்ததுபோலத் தோன்றினாலும், அதற்கு முன்னும் பின்னும் அவர் திரும்பாத படிகள் பல இருந்தன. மாணவப் பருவத்தில் உள்ளவர்களும் இதைத் தமக்குரிய பாடமாகக் கொள்ளலாம். நண்பருக்கு உண்மையாயிருத்தல், எச்சரிப்பைக் கேட்டல், தவறை மறைக்காமல் ஒப்புக்கொள்ளல் ஆகிய பழக்கங்களே பிற்காலத்தில் நல்ல கணவனையும் நல்ல மனைவியையும் உருவாக்குகின்றன. அரண்மனை வாசலில் படுத்த உரியாவிடம் இருந்த உறுதி, மேல்மாடியில் உலாவிய அரசரிடம் அன்று இருக்கவில்லை.

நினைவிற் கொள்க

• தாவீது: ஈசாயின் இளைய மகன், யூதா கோத்திரம், பெத்லகேம்.
• ஆட்சிக்காலம்: எப்ரோன் 7½ ஆண்டுகள், எருசலேம் 33 ஆண்டுகள்.
• வீழ்ச்சி: 2 சாமுவேல் 11. கண்டிப்பு: 2 சாமுவேல் 12.
• மனந்திரும்புதலின் சங்கீதம்: 51.
• திருமண உண்மை பற்றிய ஞானம்: நீதிமொழிகள் 5, 6, 7.

பயிற்சி வினாக்கள்

1. தாவீதின் முன்னோருள் ஒருவரான ரூத் எந்த இனத்தவர்?
2. நாத்தான் கூறிய கதையைச் சுருக்கமாக எழுதி, அதில் வரும் செல்வன், ஏழை, ஆட்டுக்குட்டி ஆகியோர் யாரைக் குறிக்கின்றனர் எனக் காட்டுக.
3. தாவீது தமது தவறிலிருந்து திரும்பியிருக்கக்கூடிய மூன்று சந்தர்ப்பங்களை விளக்குக.
4. உரியாவின் குணவியல்புகள் இரண்டைச் சம்பவங்களுடன் எடுத்துக்காட்டுக.
5. மன்னிப்புப் பெற்ற பின்னரும் பாவத்தின் விளைவுகள் தொடரலாம் என்பதைத் தாவீதின் குடும்ப வாழ்வைக் கொண்டு ஆராய்க.
6. சோதனை வந்தபோது யோசேப்பும் தாவீதும் நடந்துகொண்ட முறைகளை ஒப்பிட்டு, இன்றைய இளைஞர் பெறக்கூடிய படிப்பினைகளை எழுதுக.